நூற்றைம்பது கெஜம்

— இது பூனை ஆசனமா, பசு ஆசனமா?

— பூனை. பசுன்னா முதுகு உள்வாங்கும், வயிறு தொங்கும். சும்மா இரு வாட்டி, மூச்சு தப்புது.

— அறுபத்தாறு வயசு ஆம்பளை, கோல்ஃப் மைதானத்துல பதினஞ்சாவது குழிக்குப் பந்து அடிக்க வேண்டிய இடத்துல, ஈரப்புல்லுல நாலு கால்ல நிக்கறான். அங்க பாரு, நம்மள எதிர்த்து ஆடற மாட்டு டாக்டர் உன்னையே பாத்துக்கிட்டிருக்கான். இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே நின்னேன்னா பின்னால வந்து ஊசி போட்டுருவான்.

— ஃபின்லே நல்ல பையன்.

— நல்ல பையன்தான். வாங்கப் போற மாட்டோட வாயப் பொளந்து பல்லப் பாக்காம, தள்ளி நின்னே பாக்கறான் பாரு. அந்த மரியாதை யாருக்கு வரும்?

— இன்னைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்னு முதல் குழியிலயே சொன்னேன்.

— நான் எங்க பேசினேன் நினியன்? கிளப்ல தாள் தொங்குது. கோடைக் கோப்பைக்கு ஜோடி ஜோடியா பேர் எழுதணும். இன்னைக்கு ஆறு மணிக்கு செயலாளர் வந்து தாளக் கழட்டிக்கிட்டுப் போயிருவார். அதுல ஃபின்லேன்னு ஒரு பேரு, பக்கத்துல வெறும் கோடு. அவனோட ஆடிக்கிட்டிருந்தவன் அபர்டீனுக்கு மாத்தலாகிப் போயிட்டான். பதினஞ்சு நாளா அந்தக் கோடு காலியா கிடக்கு. ஊரே படிச்சாச்சு. நானும் படிச்சேன், கண்ணாடி போடாமலே.

— படிச்சேல்ல? அதுல என் பேரு இருந்துச்சா?

— இல்ல. என் பேருக்குப் பக்கத்துலயும் இல்ல. என் பேரே இல்ல. இருபத்தாறு வருஷமா, தாள் தொங்கின அன்னைக்கு சாயங்காலமே உன் பேரு ரின்டூல், என் பேரு லோகின்னு ஜோடியா நீதான் எழுதுவ. நான் எழுதினா தாள்ல மாவு ஒட்டும்னு பேனாவ என் கைல குடுக்க மாட்ட.

— ஒரு குழி பின்தங்கியிருக்கோம். நாலு குழிதான் பாக்கி. நகரு, அடிக்கணும்.

— நகர்ந்துட்டேன். அடி.

— ச்சே! கொஞ்சம் இடது பக்கம் போயிருச்சு. மன்—

— முழுங்கு! முழுங்குடா அந்த வார்த்தைய!

— வாய்ல வந்துருச்சு.

— வாய்ல வந்தா என்ன, வயித்துக்குள்ள தள்ளு. ஒரே பந்து, ரெண்டு பேர். நீ அடிச்சு விட்ட இடத்துல நான் நிக்கணும், நான் விட்ட இடத்துல நீ நிக்கணும். புதருக்குள்ள விட்டாலும் சரி, கடல்ல விட்டாலும் சரி, ஜோடிகிட்ட மன்னிப்பு கேக்கக் கூடாது. எங்கப்பா ஒரே ஒரு தடவ கேட்டார். ஆறாவது குழி. மூணடியில இருந்து தவறவிட்டுட்டு கேட்டார். அவர் ஜோடி டேவி கெர் என்ன பண்ணினார் தெரியுமா?

— தெரியும். வருஷத்துக்கு நாலு தடவ சொல்ற.

— தொப்பியக் கழட்டினார். கையக் குலுக்கினார். மிச்ச குழி பூரா ஒழுங்கா ஆடி முடிச்சார். அடுத்த வாரம் வேற ஆளோட வந்தார். பதினாலு வருஷ ஜோடி! உன் தப்பு என் தப்புன்னு பங்கு பிரிச்சுட்டா அப்புறம் ஜோடி ஏது? சேர்ந்திருக்கறவன் அந்த வார்த்தைய சொல்ல மாட்டான். சொன்னா, நம்ம கணக்க முடிச்சுக்கலாம்னு அர்த்தம். இந்தக் கரையோரத்துல அதான் சட்டம்.

— சட்டப் புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்ல.

— புத்தகத்துல இருக்கறத எவன் மதிக்கறான்? நட. பந்து எங்க கிடக்கு?

— அந்தக் கம்பத்துக்கு நேரா.

— எத்தன கெஜம் பாக்கி?

— நூத்தம்பது.

— பாத்தியா! என் ஏழாம் நம்பர் மட்டைக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி நூத்தம்பது. இன்னைக்கு இது ஆறாவது தடவ. இதுக்குப் பேருதான் இருபத்தாறு வருஷம். உன் கைக்கு என் மட்டை தெரியுது. மாட்டு டாக்டருக்கு இது வருமா? அவன் அடிச்சா பந்து நார்வேக்குப் போகும், யார் போய் எடுக்கறது?

— பந்தப் பாரு வாட்டி. மூச்ச விட்டுட்டு அடி.

— விட்டேன். …எப்படி?

— கிரீன்ல, குழியச் சுத்தின புல்தரையில நிக்குது. நல்ல அடி. நெசமாவே நல்ல அடி.

— பருப்பு.

— என்னது?

— பருப்புடா. பருப்பு வேலை செய்யுது. யார்கிட்டயும் சொல்லிராத. மூணு வாரமா சிவப்புப் பருப்பு, பீட்ரூட், உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. என் வீட்டுல நானே வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு. சாப்பிடற நேரத்துல காலடியிலயே கிடக்கற நாய், இப்ப நான் தட்ட எடுத்தா எழுந்து வெளிய போகுது.

— நீயா? பருப்பா?

— நானேதான். நவம்பர்ல நீ சர்ச் ஹால்ல யோகா பாயை விரிச்ச. பதினோரு பொம்பளைங்க, நடுவுல நீ ஒருத்தன், மரம் மாதிரி ஒத்தக் கால்ல. நான் சிரிச்சேன். பீர விட்ட, சிரிச்சேன். சர்க்கரைய விட்ட, பாவம்னேன். என் பிரைடிய விட்ட பாரு, அன்னைக்கு சிரிப்பு நின்னு போச்சு.

— உன் பிரைடி மேல எனக்கென்ன வருத்தம்?

— கறி, வெங்காயம், மாட்டுக் கொழுப்பு, மேல மடிச்ச மாவு. நாப்பது வருஷம் இந்த ஊர் மொத்தமும் என் கடை வாசல்ல நின்னு தின்னுச்சு. ஒன்பதாவது குழி முடிஞ்சதும் காத்துக்கு முதுகக் காட்டி உக்காந்து நீ ஒண்ணு, நான் ஒண்ணு. இப்ப நீ சட்டைப் பைக்குள்ள கைய விட்டு வாதாம் கொட்டைய எடுத்து அணில் மாதிரி கொறிக்கற. கடைய மூடினப்புறமும் சனிக்கிழமை காலைல எழுந்து ரெண்டுதான் சுடறேன். தெரியுமா?

— தெரியும்.

— ஒண்ண நான் தின்னுட்டு, ஒண்ணக் கடற்காக்காய்க்குப் போடறேன். இங்க உள்ள காக்கா எல்லாம் இப்ப பறக்க முடியாம நடந்து போகுது.

— இப்ப என் முறை. குழிக்குப் பக்கத்துல உருட்டி விடறேன். …ம். குழிக்கு ஒரு அடி தூரம்தான் பாக்கி.

— மிஸ்டர் லோகி, அத விட்டுக் குடுத்துட்டோம், பந்த எடுத்துக்கோங்க. ஒரு அடிய எதுக்குப் போட்டுக்கிட்டு? நாங்க ரெண்டு பேரும் புதர்ல சிக்கிட்டோம். குழி உங்களுது. ஆட்டம் இப்ப சமம்.

— நன்றி டாக்டர். உங்க ஜோடியா வந்த மச்சான் மத்தியானத்துலருந்து வாயே திறக்கலையே?

— பல்லப் புடுங்கிட்டு வந்திருக்கான், மிஸ்டர் லோகி.

— எங்க ஆளுக்கும் ரெண்டு புடுங்கி விடுங்க. எதையும் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறான், இருந்து என்ன பிரயோஜனம்?

— வாட்டி, பதினாறாவது உன் அடி. போய் நில்லு.

— நிக்கறேன், நிக்கறேன். இடுப்பத் திருப்பணும். தோள அசைக்கக் கூடாது. தொப்புள் வழியா மூச்சு… போச்சு! பங்கர்ல, மணல் பள்ளத்துல விழுந்துருச்சு.

— பரவால்ல.

— பரவால்லன்னும் சொல்லாத. அது மன்னிப்புக்குத் தங்கச்சி.

— தொப்புள் வழியா மூச்சுன்னு உனக்கு யார் சொன்னது? நீ யோகாவும் பண்றியா?

— பின்ன? வீடியோ பாத்து. கடைக்குப் பின்கட்டுல, அடுப்பு இருந்த இடத்துல. இடுப்பு வளைஞ்சா பந்து இருபது கெஜம் கூடப் போகும்னு அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. கலப்பை ஆசனம்னு ஒண்ணு. மல்லாந்து படுத்து ரெண்டு காலையும் தூக்கித் தலைக்குப் பின்னால போடணும்.

— தெரியும். அத தனியா பண்ணக் கூடாது. கழுத்து போயிரும்.

— கழுத்து போகல. கால்தான் போச்சு. போனது திரும்பி வரல. முழங்கால் ரெண்டும் என் காதுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது. நாப்பது நிமிஷம். நடுவுல போன் அடிச்சுது, எட்டல. அப்புறம் தபால்காரன் கதவு இடுக்குல கடுதாசி போடக் குனிஞ்சான். கண்ணுல பட்டது என் பின்பக்கம். அதப் பாத்து, "காலை வணக்கம் மிஸ்டர் லோகி"ங்கறான். எப்படி அடையாளம் கண்டான்னுதான் இன்னும் புரியல.

— நான் சிரிக்கல.

— சிரி. உனக்காகத்தான் சொன்னேன். என் பொண்டாட்டி ஈனா இருந்தா ஒரு மாசம் சிரிச்சிருப்பா. அவ போய் நாலு வருஷம், கடைய மூடி ரெண்டு வருஷம். வீட்டுல விழுந்து கிடந்தா சிரிக்கக்கூட ஆளில்ல.

— எந்த நாள் அது?

— போன வியாழக்கிழமை. காலைல பத்து மணி இருக்கும்.

— அந்தப் போன் நான்தான் பண்ணினேன்.

— நீயா? எதுக்கு?

— சும்மா.

— நீ சும்மா போன் பண்றவன் இல்லையே. அளந்துதான் பேசுவ, நிலம் அளக்கற மாதிரி.

— பங்கருக்குள்ள இறங்கணும். மட்டையக் குடு.

— இந்தா. அடப்பாவி, ஒரு கால் பள்ளத்துல, ஒரு கால் கரை மேல! இது என்ன மிருகம்?

— மிருகம் இல்ல. வீரன் ஆசனம்.

— போன வருஷம் நீ இப்படி நின்னிருந்தா நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போயிருக்கணும்.

— போன வருஷம் தூக்கிக்கிட்டுத்தானே போனாங்க?

— ஏதோ வாய் தவறி… அடி, அடி. ஆஹா! மணல்லருந்து கோழிக்குஞ்சு மாதிரி குதிச்சு வெளிய வந்துருச்சே! கிரீனுக்கே போயிருச்சு!

— கோப்பை இறுதி ஆட்டம். பதினெட்டாவது குழி. ஒண்ணு முன்னால இருந்தோம். நான் அடிக்கக் குனிஞ்சேன், நிமிரல. புல் வெட்டற வண்டிக்குப் பின்னால படுக்க வெச்சு, ஊர் பாக்க இழுத்துக்கிட்டுப் போனாங்க. இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்து, பலகையில தங்க எழுத்துல நம்ம ரெண்டு பேர் பேரும் ஏற வேண்டிய நாள்.

— நான் ஏதாவது சொன்னேனா?

— சொல்லல.

— ஒரு வார்த்தை? ஒரு முனகல்?

— ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பிரைடி கொண்டு வந்த. கால்பந்து பத்திப் பேசின. போயிட்ட.

— பின்ன என்ன?

— ஒண்ணுமில்ல. உன் முறை, உருட்டு.

— உருட்டிட்டேன். போதுமா?

— போதும். மிச்சத்த நான் போட்டுட்டேன். அவங்களுக்கும் நாலு, நமக்கும் நாலு. இன்னும் சமம்தான்.

— மூடுபனி வருது பாரு, கடல்லருந்து. கலங்கரை விளக்கம் காணாமப் போச்சு. பதினேழு உன் அடி. சீக்கிரம் அடி, பந்தும் காணாமப் போயிரும்.

— அடிச்சாச்சு.

— நேரா போயிருக்கு. அழகு!

— மிஸ்டர் ரின்டூல், காத்து உங்களுக்கு மட்டும் எதிர்ல அடிக்குதா என்ன? செவ்வாய்க்கிழமை நாம வந்தப்ப இதே இடத்துலருந்து அந்த மஞ்சப் புதரையே தாண்டி அடிச்சீங்களே! முப்பத்தஞ்சு கெஜம் கூட இருக்கும்.

— ஃபின்லே, உன் பந்து அந்தப் பக்கம் கிடக்கு.

— ஓ. சரிங்க. வரேன் மிஸ்டர் லோகி.

— வாட்டி, நட. பனி இறங்குது.

— செவ்வாய்க்கிழமை.

— ஒரு தடவதான் போனேன். அவன் கூப்பிட்டான்.

— செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணினேன், ஆட வரியான்னு. முதுகு கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்குன்ன. நான் கடுகு எண்ணெய் தேச்சுக்கோன்னேன்.

— ஆமா. சொன்ன.

— தேச்சியா?

— வாட்டி…

— சரி, அத விடு. பொய் சொல்றதுக்காவது ஒரு அக்கறை வேணும், அது உனக்கு என் மேல இருக்கு. எத்தன கெஜம் பாக்கி?

— பந்துகிட்ட போய்ப் பாக்கலாம்.

— முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்கத்துக்கு நிலம் அளந்தவன் நீ. இங்கருந்தே தெரியும் உனக்கு. சொல்லு.

— நூத்தம்பது.

— ஏழாவது தடவ. நான் ஒரு மடையன். பழக்கம்னு நினைச்சேன். இருபத்தாறு வருஷம்னு உன்கிட்டயே பீத்திக்கிட்டேன். முழு பலத்தோட அடிச்சா நூத்துப் பதினஞ்சுல கொண்டு போய் விடுவ. நீ இன்னைக்கு முதல் குழிலருந்து ஒரு தடவகூட முழுசா அடிக்கல, இல்லையா?

— நூத்துப் பதினஞ்சுன்னா உனக்கு அரை வீச்சு வேணும். உன் மணிக்கட்டு மாவு பிசைஞ்சே தேஞ்சு போச்சு. அரை வீச்சுக்குக் கை நடுங்குது. முழு வீச்சுன்னா நடுங்கல. ஏழாம் நம்பர்ல உனக்கு இன்னும் நல்லா வருது. அதான்.

— எப்பலருந்து?

— ஜனவரிலருந்து.

— ஜனவரி! எத்தன சனிக்கிழமை! நான் பருப்பத் தின்னுக்கிட்டு முழங்காலக் காதுல மாட்டிக்கிட்டுக் கிடக்கேன், உன்ன எட்டிப் பிடிக்கறதுக்கு. நீ நின்னு நின்னு நடந்திருக்க, நான் வந்து சேரட்டும்னு.

— ஜோடி அப்படித்தானே ஆடணும்? அடுத்தவன் அடிக்கற மாதிரி இடத்துல விடணும். நீதானே சொல்லுவ?

— நான் சொன்னது ரெண்டு நொண்டிக்கு. இப்ப ஒரு நொண்டிதான் இருக்கு. எதுக்குடா இவ்வளவும்? அந்தப் பாய், அந்தக் கொட்டை, குளிர்ல விடியக்காலம் கடற்கரையில ஓட்டம். கெட்டிக்காரனா ஆகறதுக்குத்தானே? ஆகிட்டு அத எங்க ஒளிச்சு வெச்ச?

— கெட்டிக்காரனா ஆகறதுக்கு இல்ல.

— பின்ன?

— வண்டியில படுத்துக்கிட்டுப் போறப்போ நீ பக்கத்துல நடந்து வந்த. ரெண்டு மட்டைப் பையையும் நீயே தூக்கிக்கிட்டு. உன் முகத்தப் பாத்தேன். அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா எனக்கு விட்டுப் போயிருக்கும். சொல்லக் கூடாதுங்கற. சொன்னா ஜோடி போச்சுங்கற. இத்தன மாசம் அந்த வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? உடம்ப வளைச்சேன். இந்த வருஷம் என் முதுகால நீ தோக்கக் கூடாது, அவ்வளவுதான். அங்க போய் நாலு கால்ல நின்னப்பல்லாம், உன்கிட்ட வாயால கேக்க முடியாதத உடம்பால கேட்டுக்கிட்டிருந்தேன்.

— ஏழாம் நம்பரக் குடு. …ம். கிரீன்ல இருக்கு. ரெண்டு உருட்டு. அவங்களுக்கும் அதேதான். போவோம்.

— வியாழக்கிழமை எதுக்குப் போன் பண்ணினேன்னு கேட்டியே.

— கேக்கல இப்ப.

— ஃபின்லேயோட எழுதப் போறேன்னு சொல்லத்தான் பண்ணினேன். அவனோட ஆடினா கோப்பை வரும். பலகையில பேரு வரும். எனக்கும் ஆசை இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்.

— எடுத்திருப்பேன். கால் தலைக்குப் பின்னால இருந்துச்சு.

— இப்ப சொல்ல மாட்டேன். முடிவு பண்ணிட்டேன். இந்தக் குழி முடிஞ்சதும் உள்ள போய் ரின்டூல், லோகின்னு எழுதப் போறேன். போதுமா?

— …போதும்.

— சந்தோஷமா சொல்லேன்! பதினேழு குழியா அதத்தானே கேட்டுக்கிட்டிருந்த?

— சந்தோஷம்தான். சனிக்கிழமை இல்லன்னா எனக்குக் கிழமையே கிடையாது. உனக்குத் தெரியும்.

— தெரியும். அந்த இன்னொரு பிரைடிய இன்னும் காக்காய்க்குப் போடலேல்ல? குடு.

— எதுக்கு?

— பசிக்குது. குடுன்னா குடு. …ம். நல்லாருக்கு. மிளகு கூடப் போட்டியா? ரொம்ப நல்லாருக்கு வாட்டி.

— மெல்லு. நிதானமா மெல்லு. என்னப் பாத்து மெல்லு.

— ஏன்?

— கடைய ஏன் மூடினேன்னு ஊர்ல கேட்டா பெரிய அங்காடி வந்துச்சும்பாங்க. அதெல்லாம் வந்து ரெண்டு வருஷம் நான் தாக்குப் பிடிச்சேன். கடைசி ஆறு மாசம் ஒரு கூட்டம் வந்துச்சு. பசியில்ல. பாவம் கிழவன், பொண்டாட்டி செத்துட்டா, ஒண்ணு வாங்குவோம்னு. என் கண்ணு முன்னாலயே ஒரு கடி கடிச்சு, "ரொம்ப நல்லாருக்கு வாட்டி"ம்பாங்க. தெரு முனை திரும்பினதும் குப்பைத் தொட்டி. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும் நினியன். நாப்பது வருஷம் கல்லாவுல நின்னவன் நான். ஒரு நாள் காலைல மூணு பேர் அதே மூஞ்சியோட வரிசையில நின்னாங்க. அவங்களுக்குக் குடுத்து அனுப்பிட்டு ஷட்டர இறக்கினேன். அப்புறம் ஏத்தல.

— நான் குப்பைத் தொட்டியில போடல. தின்னுட்டேன், பாரு.

— பாத்தேன். முழுசா தின்ன. நீ நல்லவன், வேற என்ன சொல்ல? நகரு, பதினெட்டு என் அடி. …பாத்தியா? சொன்னேனே. அவ்வளவுதான் என் சரக்கு. புல்லுக்குள்ள போய் உக்காந்திருச்சு. எத்தன பாக்கி?

— இருநூத்தி அஞ்சு. நடுவுல ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் நிறுத்தறேன். அங்கருந்து உனக்கு…

— அளக்காத.

— என்ன?

— எனக்காக அளக்காத. ஓடையத் தாண்டி அடி. நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் நீ வளைஞ்சதெல்லாம் நான் ஒரு தடவ பாக்கணும்.

— இந்தப் புல்லுலருந்தா? ஓடையில விழுந்தா ஆட்டம் போயிரும். ஃபின்லே ஏற்கனவே கிரீனுக்குப் பக்கத்துல இருக்கான்.

— போகட்டும். ஒரே ஒரு தடவ நான் உன் பக்கத்துல இல்லன்னு நினைச்சுக்கிட்டு அடி.

— வாட்டி, எனக்கு…

— மூச்ச விடுன்னு எனக்குச் சொல்லுவியே. விடு. விட்டுட்டு அடி.

— …

— …

— வாட்டி? எங்க போச்சு? பனியில எனக்குத் தெரியல.

— நானும் பாக்கல. சத்தத்தக் கேட்டேன். இருபத்தாறு வருஷத்துல உன் மட்டையிலருந்து அந்தச் சத்தம் வந்ததில்ல. அடுப்புக் கதவ இழுத்துச் சாத்தின மாதிரி, சுத்தமா ஒரு சத்தம்.

— ஓடையிலயா?

— அங்க அந்த மாட்டு டாக்டர் ஏன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கறான்?

— மிஸ்டர் ரின்டூல்! கொடிக்குப் பக்கத்துல! நாலடி, நாலடிதான்! புல்லுக்குள்ளருந்து இப்படி ஒரு அடிய நான் இந்தக் கோர்ஸ்ல பாத்ததே இல்ல! இருங்க, எங்க பந்தப் போட்டு முடிச்சுக்கறோம். …நாலாச்சு. இது போனா நீங்க ஜெயிச்சீங்க.

— வாட்டி, மெதுவா வா. அவசரமில்ல. வலது பக்கம் ஒரு விரக்கடை விட்டு உருட்டு. கை நடுங்கினா மட்டையக் கீழ பிடி.

— மிஸ்டர் லோகி, நாலடிதானே, எனக்கென்னவோ…

— வாயத் திறக்காதீங்க டாக்டர். விட்டுக் குடுத்துராதீங்க. ஒரு தடவ சொல்லிட்டா நான் வேண்டாம்னு மறுக்க முடியாது, அதுதான் உங்க புத்தகச் சட்டம். என்னப் போட விடுங்க. நாப்பது வருஷம் சூடான அடுப்புத் தட்டப் பிடிச்ச கை, நாலடிக்கு நடுங்காது.

— சரிங்க. போடுங்க.

— …

— …

— விழுந்துருச்சு! மிஸ்டர் லோகி, நடுக்குழியில! வாழ்த்துகள்! டேய் மச்சான், வந்து கையக் குடு!

— வாட்டி! ஜெயிச்சுட்டோம்டா! பாத்தியா, இன்னும் கை இருக்கு உனக்கு! வா, மணி என்ன? அஞ்சே முக்கால். நேரா தாள் தொங்கற போர்டுக்குப் போறோம். பேனா இருக்கு என்கிட்ட. இந்தத் தடவ நீயே எழுது, மாவு ஒட்டினா ஒட்டட்டும்.

— டாக்டர், நீங்களும் இங்கயே ஒரு நிமிஷம் இருங்க. போயிராதீங்க.

— இருக்கேன் மிஸ்டர் லோகி. என்ன விஷயம்?

— நினியன், தொப்பியக் கழட்டு.

— எதுக்கு? குளிருது. உள்ள போய்க் கழட்டிக்கறேன்.

— நான் கழட்டிட்டேன் பாரு. நீயும் கழட்டு. கையக் குடு.

— குடுக்கறேன், அதுக்கென்ன… வாட்டி. ஏன் இவ்வளவு இறுக்கமா பிடிக்கற? வேண்டாம். வாட்டி, வேண்டாம், அத முழுங்கு!

— மன்னிச்சிரு, நினியன்.